பேசக் கற்பித்த வரலாறு

ஒரு மொழியைப் படிக்கத் தெரியும்; எழுதவும் தெரியும்; பிறர் பேசினால் பெரும்பகுதி விளங்கவும் செய்யும். ஆனால் வாயைத் திறந்து நான்கு வாக்கியம் பேச வேண்டுமென்றால் நா எழுவதில்லை. இந்நிலை நம்மில் பலருக்கு அறிமுகமானதே. மொழி கற்பித்தலை ஆராய்வோர் இதனை 'இடைநிலை' என்று வழங்குவர். தொடக்க நிலையைக் கடந்தாயிற்று. தேர்ச்சி நிலையை இன்னும் எட்டவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கட்டத்தில்தான் மிகப் பலர் ஆண்டுக்கணக்கில் தேங்கி விடுகின்றனர்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியதை ஒட்டிக் கொரியப் பொறியாளர்கள் இப்பகுதிக்கு வரலாயினர். ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து தொழிலாளர்களும் வந்து தங்கியுள்ளனர்.

ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்து முடித்த நம் இளைஞர் ஒருவர் இங்கு வேலைக்குச் சேர்வதாகக் கொள்வோம். பள்ளியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்தவர் அவர். இயந்திரத்தின் கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்கிறார். ஷிப்ட் பதிவேட்டில் பிழையின்றி எழுதுகிறார். ஆனால், "இந்த இயந்திரம் ஏன் நின்றது?" என்று கொரியப் பொறியாளர் ஆங்கிலத்தில் கேட்டவுடன் திகைத்து நிற்கிறார். காரணம் அவருக்குத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை. பார்ப்பவரோ, இவருக்குத் தொழிலே தெரியாது என்று எண்ணிவிடுகிறார். பேச்சுக் குறை தொழிற்குறையாகக் கணக்கிடப்படுகிறது.

இக்குறையைப் போக்குவது எவ்வாறு? மேலும் இலக்கணம் படிக்க வேண்டுமா? மேலும் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா? இவ்வினாக்கள் புதியன அல்ல. தமிழ் கற்க வந்த அயல்நாட்டாரும், ஆங்கிலம் கற்க முயன்ற தமிழரும், அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களுமாக, முந்நூறு ஆண்டுகளாகத் தென்னாட்டிலேயே இவை ஆராயப்பட்டு வந்துள்ளன. அவ்வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் நமக்கு வேண்டிய விடையும் அதிலேயே கிடைக்கும்.

மணலில் எழுதிய மாணவர்

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடித் துறைமுகத்தில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்திறங்கினர். டென்மார்க் அரசர் அனுப்பிய சமயத் தொண்டர்கள் அவர்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. தமிழ் அவர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. எனவே ஊரில் இருந்த ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரை அணுகி, அவருடைய பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே நடத்துமாறு வேண்டிக்கொண்டனர். சிறுவர்களோடு சிறுவர்களாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர்.

எழுத்துகள் வந்துவிட்டன; படிக்கவும் வந்தது. ஆனால் படிப்பதன் பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. மாணவர்களுக்குத் தமிழ் தெரியாது. பின்னர், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரின் துணையைச் சீகன்பால்கு பெற்றார். அதன் பிறகே அவருடைய தமிழ் விரைந்து வளர்ந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீகன்பால்கு வெறும் பாடங்களை ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை. தெருவிலும் சத்திரத்திலும் கோயில் வாயிலிலும் மக்களோடு உரையாடினார். அவர்களுடைய வழிபாடு, மருத்துவம், பழக்க வழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றி வினாக்கள் கேட்டார். 1712 முதல் 1714 வரையுள்ள ஆண்டுகளில் இத்தகைய வினாக்களை எழுதித் தமிழ் அறிந்தோர் பலருக்கு அனுப்பி, அவர்களுடைய விடைகளை வாங்கி ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். உரையாடல்களும் எழுதி வைக்கப்பட்டன. அவற்றுள் 34 உரையாடல்கள் 1719-இல் லண்டனில் ஆங்கில நூலாகவும் வெளியாயின.

அவர் கேட்ட வினாக்கள் எத்தகையவை? விடை தெரியாமல், தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டவை. மறுமொழி கூறியவர்களும் அவரிடம் எதிர்வினாக்கள் தொடுத்தனர், வாதிட்டனர். இவ்வாறு மொழி அவருக்கு ஒரு கருவியாயிற்று. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. பத்தாண்டுகளுக்கு முன்னர் மணலில் அகரம் எழுதியவர் எழுதிய நூல் அது!

இரண்டு தமிழ், இரண்டு இலக்கணம்

தமிழில் பேசக் கற்போருக்கு மற்றுமொரு இடர்ப்பாடு உண்டு. நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. 'அவர்கள் வருகிறார்கள்' என்று எழுதுகிறோம். 'அவங்க வர்றாங்க' என்று பேசுகிறோம். நூலில் தமிழ் கற்ற அயலார் ஒருவர் எழுத்து வழக்கிலேயே ஒரு கேள்வி கேட்கலாம். கேட்பவருக்கு அது விளங்கிவிடும். ஆனால் விடை பேச்சு வழக்கில் வரும்போது, கேட்டவர் விழிக்க நேரும்.

இதனை நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர் எனப் போற்றப்படும் பெஸ்கி. இத்தாலியராகிய அவர் தமிழுக்கு ஒரே இலக்கணம் எழுதி அமையவில்லை. 1728-இல் பேச்சு வழக்காகிய கொடுந்தமிழுக்கும், 1730-இல் இலக்கிய வழக்காகிய செந்தமிழுக்கும் இலத்தீன் மொழியில் தனித்தனியே இலக்கணம் வகுத்தார். மக்களோடு பேச வேண்டியவருக்கு ஒரு நூல். புலவர்களின் நூல்களைக் கற்க வேண்டியவருக்கு மற்றொரு நூல். கற்பவருடைய தேவை எதுவோ அதற்கேற்ற மொழியைக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கை இதில் அடங்கியுள்ளது. நாம் சிரித்து மகிழும் பரமார்த்த குரு கதையும் அவர் எழுதியதே. 1822-இல் பாபிங்டன் என்பவர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் லண்டனில் வெளியிட்டார். அசட்டுச் சீடர்களின் கதை, தமிழ் பயிலும் ஆங்கிலேயருக்குப் பாடநூலாயிற்று.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1812-இல், எல்லிஸ் என்னும் அதிகாரியின் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. கம்பெனியின் பணிக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்களுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் நோக்கம். வழக்கு விசாரிக்கவும் வரி வசூலிக்கவும் செல்லும் அதிகாரிக்குக் குடிமக்களின் பேச்சு விளங்க வேண்டுமல்லவா? அங்குத் தமிழாசிரியராக விளங்கிய தாண்டவராய முதலியார் 1826-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் அமைத்து வெளியிட்டார். பின்னர் 1855-இல் ஜி.யூ. போப் இயற்றிய தமிழ்க் கைந்நூலும், நடைமுறை வழக்கைக் கற்பதற்கென்றே எழுந்ததாகும்.

இக்காலப் பகுதியில் இலக்கணங்களும் அகராதிகளும் கதைநூல்களும் பெருகின. ஆயினும், ஒரு வகுப்பறைக்குள் பேச்சை எவ்வாறு கற்பிப்பது என்னும் கேள்விக்கு இன்னும் முறையான விடை எழவில்லை. சீகன்பால்குக்குத் தரங்கம்பாடித் தெரு இருந்தது. நாற்பது மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குத் தெருவை எவ்வாறு கொண்டுவருவது?

வாய்ப்பயிற்சி இயக்கம்

இதற்கு விடை காணும் முயற்சிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாடுகளில் வலுப்பெற்றன. 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பெர்லிட்ஸ் என்பவர் ஒரு மொழிப் பள்ளியைத் தொடங்கினார். கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி அங்கு வகுப்பில் ஒலிக்காது. பொருள்களைக் காட்டியும் நடித்தும் பொருள் விளக்கப்படும். இது 'நேர்முறை' எனப்பட்டது. அடுத்து, இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெரால்டு பாமர் 1922-இல் ஜப்பான் சென்று ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தார். வாக்கிய அமைப்புகளை எளியவை முதல் அரியவை வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாயால் பலமுறை சொல்லிப் பழக்க வேண்டும் என்னும் கருத்து இத்தகைய ஆராய்ச்சிகளால் வேரூன்றியது.

விடுதலைக்குப் பின் இம்முறை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் அமைக்கப்பட்டது. 1959-இல் சென்னை மாநிலத்தில் ஒரு பெரும் இயக்கமே தொடங்கியது. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி அளிப்பது அதன் இலக்கு. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மற்றும் பலருக்குப் பயிற்சி. மலைச்சரிவில் உருளும் பனிப்பந்து வரவரப் பெருப்பதுபோல் இது பெருகும் என்பதால் 'சென்னைப் பனிப்பந்து' என்றே இத்திட்டம் கல்வியுலகில் பெயர் பெற்றது.

அக்கால வகுப்பறையை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். ஆசிரியர் ஒரு புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். "இது ஒரு புத்தகம்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் முழங்கும். அடுத்துப் பேனா, அடுத்து நாற்காலி. இம்முறையால் நன்மை விளையவில்லை என்று கூற இயலாது. அதுவரை மொழிபெயர்ப்பும் மனப்பாடமுமாக இருந்த வகுப்பில் ஆங்கில ஒலி கேட்கத் தொடங்கியது. மாணவர்களின் வாய் திறந்தது.

ஆயினும் வகுப்பில் சரியாகச் சொன்ன மாணவன் வெளியில் பேச முற்பட்டபோது தடுமாறினான். ஏன்?

ஓட்டமும் வேறுபாடும்

இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கு விளங்கும் ஓர் உவமையைக் கூறலாம். ஒரு கம்பியின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் அதில் மின்னோட்டம் நிகழாது. கம்பி செம்பால் ஆனதாக இருக்கட்டும், வெள்ளியால் ஆனதாக இருக்கட்டும்; ஓட்டம் சுழிதான். இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு ஏற்படும் கணத்தில் ஓட்டம் தொடங்கிவிடும். நீரும் அவ்வாறே, மட்டம் ஒன்றாக உள்ள இரு குளங்களுக்கிடையே கால்வாய் வெட்டினாலும் நீர் பாய்வதில்லை.

"இது என்ன?" என்று கேட்கும் ஆசிரியருக்கு அது புத்தகம் என்று தெரியும். ஆசிரியருக்குத் தெரியும் என்பது மாணவனுக்கும் தெரியும். இருவருக்கும் இடையே அறிவு மட்டத்தில் வேறுபாடே இல்லை. சொற்கள் ஒலிக்கின்றன, செய்தி எதுவும் பாயவில்லை. வாழ்க்கையில் எவரும் இவ்வாறு பேசுவதில்லை. தெரியாததைக் கேட்கிறோம், தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்கிறோம். உரையாடலை இயக்கும் விசை இந்த வேறுபாடே.

இக்கருத்தை வகுப்பறையில் வைத்துச் சோதித்த பெருமை தென்னிந்தியாவுக்கே உரியது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூரில் இருந்த தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1979-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 1984 வரை ஐந்தாண்டுகள் அது நடைபெற்றது. பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பட்டாலும், சென்னையிலும் கடலூரிலும் இருந்த பள்ளிகளும் அதில் இடம்பெற்றன. வசதி மிக்க பள்ளிகளில் அன்று, சாதாரணப் பள்ளிகளிலேயே இது நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரபுவின் வகுப்பில் இலக்கணப் பாட்டியல் இல்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியும் இல்லை. மாறாக ஒவ்வொரு நாளும் ஒரு சிக்கல் கொடுக்கப்படும். இரயில் கால அட்டவணை, ஊர்ப்படம், நாட்காட்டி போன்றவற்றை வைத்துக்கொண்டு ஒரு முடிவு காண வேண்டும். எடுத்துக்காட்டாக, காலையில் புறப்பட்டு ஓர் ஊரில் மூன்று மணி நேரம் தங்கி இரவுக்குள் வீடு திரும்ப எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பது போன்ற வினா. ஆசிரியர் முதலில் இதையொத்த ஒரு சிக்கலை வகுப்போடு ஆங்கிலத்தில் பேசித் தீர்ப்பார். பிறகு மாணவர்கள் தனித்தனியே அடுத்த சிக்கலைத் தீர்ப்பர். மாணவனின் கவனம் முழுவதும் வண்டியின் மேல். மொழியோ கவனியாமலே உள்ளத்தில் படியும்.

இத்தகைய பணிகளைப் பிரபு மூன்றாக வகுத்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குச் சேர்ப்பது முதல்வகை. இது தகவல் இடைவெளி. கொடுத்த விவரங்களிலிருந்து ஆராய்ந்து புதிய முடிவைக் காண்பது இரண்டாம் வகை. இது காரண இடைவெளி. தன் விருப்பையும் கருத்தையும் வெளியிடுவது மூன்றாம் வகை; இது கருத்து இடைவெளி. இம்மூன்றனுள் இரண்டாவதே வகுப்பறைக்கு மிகவும் பொருந்தியது என்பது அவருடைய முடிவு. பணியின் கடுமைக்கும் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது தகுந்த பணி; அதற்கும் குறைந்தால் மிகக் கடினம்.

சோதனையின் முடிவு என்ன? எடின்பரோவிலிருந்து வந்த பெரெட்டா, டேவிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இவ்வகுப்பு மாணவர்களையும் பழைய முறையில் பயின்ற மாணவர்களையும் ஒப்பிட்டு 1985-இல் ஆய்வுரை வெளியிட்டனர். வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறையினர் நன்றாகச் செய்தனர். புரிந்துகொள்ளுதல் போன்ற பிற தேர்வுகளில் புதிய முறையினர் பொதுவாக மேம்பட்டு நின்றனர். ஒவ்வொரு பிரிவினரும் தாம் எதைப் பயின்றனரோ அதில் சிறந்தனர் எனலாம். இரு தரப்பிலும் ஆசிரியர்களும் மாணவர்களும் முற்றிலும் சமமாக அமையவில்லை என்பதையும் அவ்விருவரே சுட்டிக்காட்டினர். ஆய்வகத்தில் வெப்பநிலையை மாறாமல் நிறுத்துவது போல் வகுப்பறையில் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க இயலாதல்லவா? ஆயினும், திரும்பச் சொல்லும் பயிற்சி இல்லாமலே சாதாரணப் பள்ளி மாணவர் ஒரு மொழியைக் கற்க இயலும் என்பது வெளிப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளில் வழங்கும் 'பணிவழிக் கற்பித்தல்' என்னும் முறைக்கு இத்திட்டம் ஒரு முன்னோடியாகும்.

புரிந்தால் மட்டும் போதுமா?

பிரபு தம் மாணவர்களை வற்புறுத்திப் பேசச் சொல்லவில்லை. ஒரு சொல்லில் விடை கூறினாலும், எண்ணை மட்டும் எழுதினாலும் அவருக்கு ஏற்புடையதே. தொடக்க நிலையில் இது மிக நல்லது, அச்சம் அகலும். ஆனால் இடைநிலையில் இருப்பவருக்கு இது போதுமா?

இவ்வினாவுக்கு விடை கனடாவிலிருந்து வந்தது. அங்கு மாண்ட்ரியல் நகருக்கு அருகில், செயிண்ட் லாம்பர்ட் என்னும் ஊரில் 1965-இல் ஒரு புதுமுறை தொடங்கியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பித்தனர். இம்முறை நாடெங்கும் பரவியது. பல ஆண்டுகள் இவ்வாறு பயின்ற குழந்தைகள், பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் ஏறத்தாழப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு இணையாயினர். பேசும்போதோ இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. மெரில் ஸ்வெயின் என்னும் ஆய்வாளர் 1985-இல் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். அக்குழந்தைகள் வகுப்பில் கேட்டது மிகுதி, பேசியது குறைவு. கேட்கும்போது, இரண்டு மூன்று முக்கியச் சொற்கள் விளங்கினாலே பொருளை ஊகித்துவிடலாம். பேசும்போது அந்த வசதி இல்லை; வாக்கியத்தின் ஒவ்வோர் உறுப்பையும் நாமே பொருத்தியாக வேண்டும். தன்னிடம் இல்லாதது எது என்பது பேச முற்படும்போதுதான் தெரியவரும்.

நம் இடைநிலை மாணவரின் நிலை இதுவே. பத்தாண்டுகளாக அவர் ஆங்கிலத்தைக் கேட்டார், படித்தார், தேர்வுத்தாளில் எழுதினார். சொந்தச் செய்தி ஒன்றை வாயால் சொல்லி ஒருவருக்கு விளங்கவைக்கும் வாய்ப்பு அவருக்கு எத்தனை முறை கிடைத்தது?

ஐந்தில் ஒரு நொடி

பேச்சில் காலமும் ஒரு கூறாகும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் பத்து மொழிகளின் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து அளந்தனர். கொரிய மொழியும் அவற்றுள் ஒன்று. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் விடையைத் தொடங்குவதற்கும் இடையில் கழியும் நேரம், மொழிக்கு மொழி சிறிது வேறுபட்டாலும், சராசரியாக 200 மில்லி நொடி அளவிலேயே இருந்தது. அதாவது ஐந்தில் ஒரு நொடி! ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதற்குரிய ஒரே ஒரு சொல்லை உள்ளத்தில் தேடியெடுத்து ஒலிக்கத் தொடங்குவதற்கே தாய்மொழியில் 600 மில்லி நொடி வேண்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

கணக்கு இடிக்கிறதே என்று வாசகர் நினைக்கலாம். விடை எளிது: எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்னரே நாம் விடையை ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். கேட்டலும் கருதலும் சொல் தேடலும் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த லெவெல்ட் என்னும் உளமொழியியலார் 1989-இல் எழுதிய நூலில் பேச்சை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். என்ன சொல்வது என்று கருதுதல், அதற்குச் சொல்லும் இலக்கணமும் பொருத்துதல், ஒலித்தல். தாய்மொழியில் பின்னிரண்டும் தாமே இயங்குகின்றன. இடைநிலையாளருக்கோ நடுக்கட்டம் இன்னும் தானியங்கியாக மாறவில்லை. இறந்தகாலமா நிகழ்காலமா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அவருடைய முறை கடந்துவிடுகிறது. இது அறிவின்மை அன்று, வேகக் குறைவு. இதனை உணர்ந்தாலே தாழ்வு மனப்பான்மையில் பாதி நீங்கும்.

வேகத்தை வளர்க்க வழி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்பவர் 1989-இல் ஆராய்ந்த பயிற்சி ஒன்று மிக எளியது. மாணவர் ஒரு செய்தியை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும். அதே செய்தியை வேறொருவரிடம் 3 நிமிடத்தில். பிறகு மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர். ஆதலால் செய்தி ஒவ்வொரு முறையும் உண்மையாகவே பாய்கிறது. சொல்பவருக்கோ அது பழகிவிட்டதால் சொற்கள் விரைந்து வருகின்றன. திரும்பச் சொல்லும் பழைய முறையின் நன்மையும், வேறுபாட்டை நாடும் புதிய முறையின் நன்மையும் இதில் ஒன்றுசேர்வதைக் காணலாம்.

தொழிற்கூடமே வகுப்பறை

இவ்வரலாற்றிலிருந்து பிள்ளைப்பாக்கத்து இளைஞர் பெறக்கூடிய பாடம் யாது? பேச்சுப் பயிற்சிக்குப் புதிய புத்தகம் தேவையில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத நிலை ஒன்றை உண்டாக்கினால் போதும்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வகுப்புகளில் இதனை எளிதில் செய்யலாம். ஓர் இயந்திரத்தின் வரைபடத்தை இரு படிகள் எடுத்துக்கொள்க. ஒன்றில் சில உறுப்புகளின் பெயர்களை அழித்துவிடுக. மற்றொன்றில் வேறு சிலவற்றை அழித்துவிடுக. இரு மாணவர்கள் முதுகோடு முதுகு சேர அமர்ந்து, ஆங்கிலத்தில் மட்டும் கேட்டும் சொல்லியும் தத்தம் படத்தை நிறைவு செய்யட்டும். அடுத்து, மூன்று பழுது அறிகுறிகளைக் கொடுத்து, காரணம் எதுவாக இருக்கும் என்று வாதிடச் செய்யலாம். இது பிரபு கூறிய காரண இடைவெளி. 'மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்', 'நீங்கள் கூறுவது இதுதானா?', 'சற்றுப் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன்' என்பன போன்ற தொடர்களின் ஆங்கில வடிவங்களை முழுத்தொடர்களாகவே பழக்கிவிட வேண்டும். அவை பேசுபவருக்குச் சில நொடிகளைச் சம்பாதித்துத் தரும்.

தொழிற்சாலையில் இயல்பாகவே ஒரு தகவல் இடைவெளி நாள்தோறும் ஏற்படுகிறது. அதுதான் ஷிப்ட் மாறும் நேரம். கடந்த எட்டு மணி நேரத்தில் நடந்தது, போகிறவருக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. எந்த இயந்திரம் நின்றது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால், ஓராண்டில் ஏறத்தாழ முந்நூறு முறை பயிற்சி கிடைத்துவிடும். எந்தத் தனிப்பயிற்சி நிலையமும் தர முடியாத பயிற்சி அது.

இதே நெறி மறுதிசையிலும் பொருந்தும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்துள்ள தொழிலாளர்களும் இடைநிலையாளர்களே. அவர்கள் கற்பது தமிழ். 1969-இல் மைசூரில் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் அமைக்கப்பட்டபின், அதன் மண்டல மையங்கள் பிறமாநில ஆசிரியர்களுக்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளைக் கற்பித்து வருகின்றன. தொழிலாளர்களுக்கோ பெரும்பாலும் கடைவீதியும் உடன் பணிபுரிவோருமே ஆசிரியர்கள். இயந்திரத்தின் மேல் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருப்பதை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கலாம். ஆபத்து நேரும்போது பக்கத்தில் நிற்பவர் எழுத்து வழக்கில் எச்சரிக்கப் போவதில்லை, "டேய், கைய எடு!" என்றுதான் கத்துவார். அந்தக் கணத்தில் அச்சொற்கள் விளங்காவிட்டால் இழப்பது விரலாக இருக்கலாம். கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணம் வகுத்த வீரமாமுனிவரின் நோக்கு இன்று எவ்வளவு தேவை என்பதை இதனால் உணரலாம்.

நம் ஊர்த் தொழிலாளி ஒருவரும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரும் தேநீர் இடைவேளையில் ஒருவர் ஊரைப் பற்றி ஒருவர் கேட்டுக்கொள்வார்களானால், அங்கே இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு செய்ததும் ஏறத்தாழ இதுவே.

எனவே மாணவ நண்பர்களே, பேச்சு வரவில்லையே என்று வருந்தி மீண்டும் இலக்கணப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள சொற்களும் இலக்கணமும் செம்புக் கம்பியைப் போன்றவை. போதுமான அளவு ஏற்கெனவே இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தது தெரியாத ஒருவரையும், உங்களுக்குத் தெரியாதது தெரிந்த ஒருவரையும் நாளைக்கே தேடிச் சென்று பேசத் தொடங்குங்கள். முதலில் தடை மிகுதியாகத்தான் இருக்கும். ஓட்டம் தொடங்கிவிட்டால், நாளடைவில் அது குறையும்.